முதல் அர்த்தம்

1938. பாஸ்டன் நகரத்து அகராதி ஆபீஸ்.

"'காம்ப்ளெக்ஷன்'னா இப்ப எல்லாருக்கும் தோல் நிறம்தான், ஓடெசா. மேல இருக்கிற 'சுபாவம்'ங்கிற பழைய அர்த்தத்தை அடிச்சுட்டேன். டைப் பண்ணும்போது விட்டுடு" என்றார் ஆசிரியர் விட்காம்.

"பழைய அர்த்தம்தான் முதல்ல வரணும்னு நீங்கதானே சார் சட்டம் போட்டீங்க?"

"அது வழக்கொழிஞ்சு போச்சு. யாருக்கு உபயோகம்?"

"எனக்கு."

அவர் நிமிர்ந்தார்.

"ஒன்பது ஆபீஸுக்கு விண்ணப்பம் போட்டேன் சார். எல்லாத்துலயும் 'காம்ப்ளெக்ஷன்'னு ஒரு கட்டம். உண்மையை எழுதினேன், ஒருத்தரும் கூப்பிடல. பத்தாவது இங்க. உங்க அகராதியைப் பிரிச்சு, முதல் அர்த்தத்தைப் பார்த்து, 'சாந்தம், கொஞ்சம் பிடிவாதம்'னு எழுதினேன்."

விட்காம் சிரித்துவிட்டார். "அதுல 'கொஞ்சம்'ங்கிறது பொய்!"

"நேர்ல வந்தப்ப வாசல்ல இருந்தவர், 'கூட்டித் துடைக்க ஆள் எடுத்தாச்சு'ன்னு விரட்டினார். நீங்கதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, 'என் புத்தகப்படி நீ எழுதினது சரிதாம்மா, உட்காரு'ன்னீங்க. அதுக்கு நான் இன்னும் நன்றிகூடச் சொல்லல."

அந்த ஆபீஸின் ஒரே கறுப்பினப் பெண்ணான ஓடெசா தாளுக்காகக் கை நீட்டினாள்.

விட்காம் அடித்த வரியின் கீழே, அடித்தது செல்லாது என்பதற்கு அடையாளமாக, வரிசையாகப் புள்ளி வைத்தார். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்தார்.