ஏழெட்டு நாற்பது

"ஏழெட்டு எவ்வளவு?"

"நாப்பது சார்" என்றாள் வாயாடி.

தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் வெடுக்கென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிற பெண் அவள். வாய் நீளம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் அந்தப் பள்ளியிலேயே கெட்டிக்காரி. அவளை நம்பித்தான் சோதிக்க வந்த கல்வி அதிகாரியை நேராக அஞ்சாம் வகுப்புக்கு அழைத்து வந்திருந்தார்.

"பயத்துல உளர்றா சார். பக்கத்துல இருக்கிற பையனைக் கேளுங்க."

பக்கத்துப் பையன் பூமி சதுரம் என்றான். அவனுக்கு அடுத்தவள் தன் பேரையே தப்பாக எழுதிக் காட்டினாள்.

காலையிலிருந்தே பெரிய டீச்சர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் அலைந்துகொண்டிருந்தார். அஞ்சாவதோடு முடிகிற சின்னப் பள்ளிக்கூடம். ஊரில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லாம் பிள்ளைகளை வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்பிவிட, வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வந்தது. மூடலாமா, வேண்டாமா என்று பார்க்கத்தான் அதிகாரி வந்திருந்தார்.

நல்ல மனுஷன். வந்ததுமே டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆள் கம்மியா இருந்தாலும் பரவாயில்லம்மா. பிள்ளைங்க நல்லாப் படிச்சா, மூட வேணாம்னு நானே எழுதறேன்" என்று சொல்லியிருந்தார்.

இப்போது அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"இதுதான் நீங்க சொல்லிக்குடுத்த லட்சணமா?"

"நான் இல்ல சார், இவங்கதான் அஞ்சாவது எடுக்கிறாங்க!" பெரிய டீச்சர் ஓரமாக நின்ற சின்ன டீச்சர் மேல் பாய்ந்தார். "எப்பப் பார்த்தாலும் பாட்டு, விளையாட்டு! தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!"

சின்ன டீச்சரின் முகம் செத்துப்போயிற்று.

அதிகாரி வாசல் வரை போய்விட்டார். பெரிய டீச்சர் ஓடிப் போய் வழியை மறித்தார்.

"ஒரே ஒரு தடவை சார். இந்தப் பொண்ணை மட்டும் இன்னொரு தடவை கேட்டுடுங்க."

அவர் அரை மனதாய்த் திரும்பி வந்தார். டீச்சர் வாயாடியின் முன்னால் குனிந்தார்.

"கண்ணு, உனக்குத் தெரியும்ல? உன்னைக் கும்பிடறேன், சரியா சொல்லுடி. ஏழெட்டு?"

வாயாடி உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மாட்டேன் டீச்சர்."

"ஏன்டி?"

"சரியாச் சொன்னா சார் எங்களை பாஸ் போட்டு ஆறாவதுக்கு வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாரு. அஞ்சாவது பிள்ளைங்களும் போயிட்டா ஆள் இல்லாம நம்ம ஸ்கூலைப் பூட்டிடுவாங்கன்னு நேத்து போன்ல சொல்லிச் சொல்லி அழுதீங்களே டீச்சர்... அதான் நாங்க எல்லாரும் ஃபெயிலாகி இங்கேயே இருந்துடலாம்னு பேசி வெச்சிருக்கோம்."