மூக்கில் ஒரு துளை

அடையாற்றில் மாலை நேர மண்பாண்ட வகுப்பு. மழை இருட்டில் ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. பழங்காலப் பெரு நாட்டுக் குயவர்கள் செய்ததைப் போல, உச்சியில் குழாய் வைத்த மனிதத் தலை வடிவக் குடம் ஒன்று தமிழ்நிலாவின் முன்னால் பாதி காய்ந்து நிற்கிறது. முகம் அவள் அப்பாவுடையது. அவருக்கு இப்போது ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடக்கிறது. “இங்க குந்திக்கினு இன்னா பண்ணப் போற? கிளாசுக்குப் போ” என்று அண்ணன்தான் அனுப்பிவைத்தான். ஷீலா டீச்சர் குடத்தைத் தட்டிப் பார்க்கிறார். “மேல குழாயை ஒட்டுறப்போ உள்ள ஓட்டை போட மறந்துட்டியா? எங்கயாவது ஒண்ணு போடும்மா. காத்து போகலன்னா சூளையில வெடிச்சிடும்.” தமிழ்நிலா ஊசியை எடுக்கிறாள். சுடுகாட்டில் பிணத்தைச் சுற்றி வருகிறவன் தோளில் இருக்கும் குடத்தையும் இப்படித்தான் துளைப்பார்கள். துளைக்கப் பயம், துளைக்காவிட்டால் அப்பாவின் முகம் வெடித்துவிடும். ஊசி நெற்றியைத் தொட்டு விலகுகிறது, கன்னத்தைத் தொட்டு விலகுகிறது. கடைசியில் மூக்கின் அடியில் வைத்து மெல்ல அழுத்துகிறாள். மண் வழிவிடுகிறது. மேசையில் போன் அதிர்கிறது. திரையில் அண்ணன் பெயர். அவள் எடுக்கவில்லை. அந்தச் சின்னத் துளையருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.