சம்பந்தியம்மாவுக்கு ஒரு பூனை

"மூக்கு கறுப்பா கீது அண்ணே. இது வேணாம். வேற ஒண்ணு பாருங்க" என்றாள் ஆதிலட்சுமி.

முத்துவேல் பூனையின் மூக்கைப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"எலி புடிக்கிறதுக்கு மூக்கு இன்னா நெறமா இருந்தா இன்னா சம்பந்தியம்மா?"

"நாள் பூரா கண்ணு முன்னால சுத்தற ஜீவன். பாக்க லட்சணமா இருக்க வேணாமா?"

இது மூன்றாவது பூனை.

மகள் மலர்க்கொடியை உத்திரமேரூர் பக்கம் கட்டிக்கொடுத்தது தையில். சித்திரைக் கடைசியில் மாப்பிள்ளை கோபால் மாமனார் ஊரான மாகறலுக்கு வந்து, "எலித் தொல்ல தாங்கல மாமா. வெத நெல்லெல்லாம் பாழாவுது. ஒரு பூன வேணும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதுவரை முத்துவேல் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. பெண்ணுக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை, காரணம் இல்லாமல் சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கேட்டது பூனை என்றாலும் காரணம் காரணம்தானே! கோணியில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினார்.

அது கடுவன். "ஊர் மேயப் போயிடும்" என்று திருப்பிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டையைக் கொண்டுபோனார். "வருசத்துக்கு மூணு பிரசவம். யார் பாக்கறது?" என்றாள்.

"கடுவனும் வேணாம், பொட்டையும் வேணாம்னா நான் இன்னாத்தத்தான் புடிச்சிக்கினு வர்றது?"

"நல்லதா ஒண்ணு கெடைக்காமலா போயிடும்? பாருங்க."

அதையாவது வந்ததும் சொல்லித் தொலைத்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். சொல்ல மாட்டாள். "புதுப் பூன, வூடு பழகட்டும். கொல்லப்பக்கம் உக்காந்து பாத்துக்கினு இருங்க. ஏ மலரு, நீயும் போய் உங்க நைனாகூட உக்காரு. பூன எகிறிடப் போவுது" என்று இருவரையும் காவல் வைத்துவிட்டுப் புல் அறுக்கப் போய்விடுவாள். பொழுது சாய வந்துதான் "வேணாம்" என்பாள். அன்றைக்கு அவருக்கு ஏர் வேலை போச்சு.

மூன்றாவது கோணியோடு திரும்பும்போது கண்டக்டர் சிரித்தான்.

"இன்னா மாமா, உங்க பூனைக்கு இன்னும் வரன் அமையலியா?"

பஸ்ஸே சிரித்தது. முத்துவேலுக்கு மட்டும் சுருக்கென்றது. பூனைக்கே இத்தனை நொட்டை சொல்கிறவள், தன் பெண்ணை என்னவெல்லாம் சொல்வாள்? கொல்லையில் உட்கார்ந்து பேசும்போது மலரு சிரிக்கச் சிரிக்கத்தான் பேசுகிறாள். அப்பன் மனசு நோகக் கூடாதென்று சிரிக்கிறாளோ?

வீட்டுக்கு வந்து மனைவி செல்லம்மாளிடம் குமுறினார்.

"இன்னும் ஒரே ஒரு பூன. அதையும் வேணாம்னா, பூனையோட பொண்ணையும் கூட்டிக்கினு வந்துடுவேன்."

"மொதல்ல இந்த மூணையும் எங்கனா வுட்டுட்டு வாங்க. உறை ஊத்த ஒரு சொட்டுப் பால் மிஞ்சல. ஒரே பேஜாரா கீது" என்றாள் செல்லம்மாள்.

நாலாவது பூனை தும்பைப்பூப் போல வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். அடுத்த தெரு கனகா வீட்டில் கெஞ்சி வாங்கியது. வெள்ளிக்கிழமைவரை முத்துவேலுக்குப் பொறுக்கவில்லை. புதன்கிழமையே கிளம்பிவிட்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

விதை நெல் குதிரின்மேல், உடம்பெல்லாம் வரி போட்ட கொழுத்த பூனை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு எலி வால் கிடந்தது.

ஈரக் கையோடு ஓடிவந்த மலர்க்கொடி திடுக்கிட்டாள். "இன்னா நைனா, புதங்கெழம வந்துட்டீங்க?"

"இது யார் வூட்டுப் பூன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நம்ம வூட்டுதான்."

"எப்பலருந்து?"

"நான் இங்க வர்றதுக்கு முன்னாலருந்தே கீது. நீங்க வர்ற வெள்ளிக்கெழம மட்டும் அத்த அத பக்கத்து வூட்ல வுட்டு அடச்சிடுவாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

முத்துவேலுக்குக் காது சூடானது. கோணியைக் கீழே வைத்தார். உள்ளே இருந்தது 'மியாவ்' என்றது. அந்த நேரம் பார்த்துப் புல்லுக்கட்டோடு கொல்லை வழியாக வந்தாள் ஆதிலட்சுமி.

"ஏன் சம்பந்தியம்மா, வூட்ல பூனைய வெச்சிக்கினே என்ன கோணியும் கையுமா அலைய வுட்டு வேடிக்க பாக்கறீங்களா? பொண்ணக் குடுத்தவன்னா அவ்ளோ எளக்காரமா? மலரு, துணிமணிய எடு. வூட்டுக்குப் போலாம்!"

மலர்க்கொடி நகரவில்லை.

ஆதிலட்சுமி புல்லுக்கட்டை இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எப்போதும் வெடுக்கென்று வருகிற பேச்சு அவளுக்கு இப்போது வரவில்லை.

"வந்த புதுசுல இந்தப் பொண்ணு சாயங்காலம் ஆனா தெருவையே பாத்துக்கினு நிக்கும் அண்ணே. சோறு பாதிதான் எறங்கும். மூணு வாட்டி உங்களுக்கு ஆள் வுட்டேன். 'காரணம் இல்லாம எப்டி வர்றது'ன்னு சொல்லி அனுப்பிச்சிட்டீங்க."

முத்துவேல் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க. மொதப் பூனையே புடிச்சிப்போச்சின்னு நான் சொல்லியிருந்தா, மறு வெள்ளிக்கெழம நீங்க வந்திருப்பீங்களா?"