கேஸ் இல்லாத சென்ட்

சந்தாபுராவிலிருந்து பஸ் மாறி காக்ஸ் டவுனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்த ஆஞ்சலாவுக்கு, உள்ளே நுழைந்ததுமே எரிச்சல்தான் வந்தது.

அக்கா ஜூலியா வீசிங்கும் மறதியுமாகக் கட்டிலில் கிடக்கிறாள். அவள் புருஷன் நோயல், ரிட்டயர் ஆன மனுஷர், கண்ணாடி முன்னால் நின்று சட்டைக்கு சென்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்!

புஸ்ஸென்ற சத்தமே இல்லை. பனி மாதிரி ஏதோ மிதந்து வந்து அவர் காலரில் உட்கார்ந்தது.

“மாமா, அக்காவுக்கு மூச்சு முட்டுமே!”

“இதுல கேஸ் கிடையாதும்மா. பாட்டிலுக்குள்ள ஒரு ரப்பர் பை இருக்கு. அதுவே பிதுக்கித் தள்ளிடும். பழைய டப்பான்னா கேஸ் நெடிக்கே இருமுவா. இதுக்கு டாக்டரே ஓகே சொல்லிட்டாரு.”

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து முதுகுக்கும் அடித்துக்கொண்டார். “எப்படிப் பிடிச்சாலும் வரும். கடைசிச் சொட்டு வரைக்கும் வரும்.”

விளம்பரத்துக்கு வந்த ஆள் மாதிரி பேச்சு வேறு! ஆஞ்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் குளிக்கும்போது, பாட்டிலை எடுத்துத் தன் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள்.

குளித்து வந்த நோயல் மேஜையில் தேடினார். பீரோவில் தேடினார். குனிந்து கட்டிலடியிலும் பார்த்தார்.

“ஆஞ்சலா, பாட்டிலைப் பாத்தியாம்மா?”

“ஒருநாள் சென்ட் அடிக்காட்டி குடியா முழுகிடும் மாமா?”

அவர் தயங்கித் தயங்கி ஜூலியாவின் அறைக்குள் போனார். ஆஞ்சலாவும் பின்னாலேயே போனாள்.

ஜன்னலில் மஞ்சள் வெயில். ஜூலியா பாதித் தூக்கத்தில், எதையோ நினைத்துச் சிரித்தபடி படுத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

“யாரு சார் நீங்க? வீட்டுக்காரர் இல்லாத நேரத்துல உள்ள வர்றீங்க?”

நோயல் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“என் முகம் அவளுக்கு மறந்துபோச்சும்மா,” என்றார் ஆஞ்சலாவிடம், மெதுவாக. “கல்யாணத்துலேர்ந்து நான் போடற வாசனை மட்டும் மறக்கல. பழைய டப்பாவை நிறுத்தினதும் நான் யாரோ ஆயிட்டேன். அதே வாசனையில இந்தப் பாட்டில் வந்த பிறகுதான் திரும்பவும் புருஷன் ஆனேன்.”

ஆஞ்சலா ஓடிப்போய்த் தன் ஹேண்ட்பேக்கை எடுத்து வந்தாள். பாட்டிலை வெளியே எடுத்து, அவளே அவர் சட்டையில் அடித்தாள். வாசனை சத்தமில்லாமல் கட்டில்வரை மிதந்து போனது.

ஜூலியா கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தாள். இருமல் வரவில்லை. போர்வையைத் தளர்த்திவிட்டுக் கையை நீட்டினாள்.

“வந்துட்டீங்களா? இவ்வளவு நேரமா இங்க யாரோ ஒருத்தர் நின்னுட்டிருந்தாருங்க... பாவம், அழற மாதிரி இருந்தாரு.”