ஆன்சி உரித்தெடுத்த குஞ்சு

ஆன்சி வீடு இவ்வளவு அமைதியாக இருக்காதே என்றுதான், பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை கடன் கேட்க வந்த நான் கிண்ணத்தோடு வாசலிலேயே நிற்கிறேன். செருப்பு டப்பாவுக்கு மேல் குண்டு பல்பு எரிகிறது. தெருவில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் வெளிச்சம் ஆடுகிறது. டப்பாவில் காலையில் வந்த கோழிக்குஞ்சு. வந்தது என்ன, ஓட்டுக்குள் தவிக்கிறதே என்று ஆன்சியே அவசரப்பட்டு உரித்தெடுத்தது. தொப்புள் மூடாமல் மஞ்சள் கரு வெளியே பிதுங்கியிருக்கிறது. கால் இரண்டும் விரிந்து கிடக்க, மூச்சுக்கு மூச்சு அலகைத் திறக்கிறது, குரல் வரவில்லை. "இது பொழைக்காது. இன்னா நின்னுகினு கீற? கய்த்துல ஒரு திருகு. அது படுற பாட்டப் பாரு," என்கிறாள் ஆன்சி, லூயிஸிடம். காசிமேட்டில் பொழுதுக்கும் வஞ்சிரத் தலை வெட்டுகிற, தெருச்சண்டை என்றால் முதல் ஆளாகக் கைலியை மடித்துக் கட்டுகிற அவள் புருஷன் லூயிஸ், குஞ்சை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு விழிக்கிறான். "மீனு சில்லுனு கீது ஆன்சி. இது சூடா கீதே." "நாந்தான உரிச்சேன். நானும் புடிக்கிறேன்." அவன் கைமேல் தன் கையைக் கவிழ்க்கிறாள், விரல்கள் கழுத்தைத் தேடுகின்றன. அந்தச் சூட்டைத் தாய்க்கோழி என்று எண்ணியதோ என்னவோ, விரலிடுக்கில் தெரியும் குஞ்சின் கண் மெல்ல மூடுகிறது. "இப்பவே," என்கிறாள் ஆன்சி.