வலது பக்கத்துப் போல்ட்

"இடது பக்கம் நீயாம்மா மாட்டினது?"

எட்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், ஜீப் டிரைவரின் மனைவி பட்டறை வாசலில் நின்று, உள்ளே அண்ணனோடு வேலை செய்துகொண்டிருந்தவளிடம் கேட்டாள். கத்தவில்லை. கடையில் ஒரு பொருளின் விலை கேட்பதுபோலத்தான் கேட்டாள். டிரைவரை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"ஆமா" என்றாள்.

உண்மையில் அவளுக்கு நினைவில்லை. அந்த மலைப்பாதை ஜீப் வந்த அன்று இன்னும் இரண்டு வண்டிகள் வந்திருந்தன. மூன்றுக்கும் பின்பக்க ஷாக் அப்சார்பர் மாற்றும் வேலை. அண்ணன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எந்த வண்டியில் எந்தப் பக்கம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

அண்ணனுக்கு இருந்தது. இடது ஷாக்கின் கீழ் போல்ட் இறக்கத்தில் கழன்று, ஜீப் பள்ளத்தில் உருண்ட செய்தி வந்ததும் அவன்தான் சொன்னான், இடது பக்கம் தங்கச்சி மாட்டியது என்று.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

மாட்டுகிற ஒவ்வொரு போல்ட்டின் மரைக்கும் கிரீஸ் தடவுவாள். வெறும் கிரீஸ் இல்லை. பள்ளிக்கூடப் பையில் மிச்சமிருந்த பென்சில்களை உடைத்து, கரியைப் பொடித்து அதில் கலந்து வைத்திருந்தாள். அப்படித் தடவினால் துரு ஏறாது, அடுத்த முறை கழற்றுகிறவனுக்குக் கை வலிக்காது என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள்.

"என் தங்கச்சி போல்ட்டுக்கு எண்ணெ தேச்சு, சடை பின்னி, பூ வச்சுல்ல அனுப்புவா!" என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவன் ஒருநாளும் கிரீஸைத் தொட்டதில்லை.

விபத்துக்குப் பிறகு அந்தக் கிண்டலே அவளுக்கு வினையாக முடிந்தது. கிரீஸ் தடவினால் நட்டு வழுக்காமல் என்ன செய்யும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

அண்ணன் அவளைத் துரத்தவில்லை. "என்ன பண்றது, கூடப் பொறந்தவளாச்சே" என்றான். இன்னொருத்தனாக இருந்தால் பட்டறை வாசலை மிதிக்க விட்டிருப்பானா என்று எல்லோரும் அவனை மெச்சினார்கள். அவளும் மெச்சினாள்.

அன்றிலிருந்து அவள் ஸ்பேனர் பிடிப்பதில்லை. கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவாள், பஞ்சர் ஒட்டுவாள். டிரைவரின் மனைவி இருக்கிற தெரு வழியாகப் போகமாட்டாள். பால் வாங்கக்கூட ஊரைச் சுற்றித்தான் போவாள்.

இன்று காலை அந்த ஜீப் வந்தது.

நிறம் மாறியிருந்தது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்தது. இருவரும் தெரியாததுபோல் இருந்தார்கள்.

ஓட்டி வந்தவனுக்கு எந்தக் கதையும் தெரியாது. "உடைஞ்ச இடது பக்கத்த மட்டும் எங்கயோ சரிபண்ணிட்டு, கொட்டகையில போட்டு வச்சிருந்தாங்கண்ணே. போன வாரம்தான் வாங்கினேன். நாலு ஷாக்கும் புதுசாப் போட்டுருங்க" என்றான்.

முன்பக்கம் இரண்டும் துருவேறி இறுகிக் கிடந்தன. அண்ணன் எண்ணெய் ஊற்றினான், சுத்தியலால் தட்டினான், நெருப்பு காட்டினான். ஒன்று அசைந்து வந்தது. இன்னொன்றின் தலை முனை தேய்ந்து உருண்டு போய்விட்டது. பின்னால் இடது போல்ட்டுக்கு ஸ்பேனரில் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கவேண்டியிருந்தது. அண்ணனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

பின்னால் வலது பக்கம் ஒன்று பாக்கி.

அண்ணன் அதற்கு எண்ணெய் ஊற்றவில்லை. சுத்தியலை எடுக்கவில்லை. நேராக இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்தான்.

"ஏண்ணே, ஸ்பேனரே வச்சுப் பாக்காம அறுக்கப் போறீங்க?" என்றான் வண்டிக்காரன்.

"எட்டு வருஷத் துரு. ஸ்பேனர் வச்சா மட்டும் கூப்பிட்ட கொரலுக்கு வந்துருமாக்கும்?"

மண்ணெண்ணெய்த் தட்டின் மேல் அவள் கை நின்றது.

மற்ற மூன்றிலும் அரை நாள் மாரடித்தவன். தலை உருண்ட போல்ட்டைக்கூட உளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அறுத்தான். இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கிரைண்டர் ஒயரைச் செருக அண்ணன் சுவர்ப் பக்கம் போனான். அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தரையில் கிடந்த ஸ்பேனர்களில் ஒன்றை எடுத்து, வண்டியின் பின்னால் மண்டியிட்டாள்.

ஸ்பேனரை நட்டில் வைத்து அழுத்தினாள்.

வெளியே படிந்திருந்த துருச்செதில் பொலபொலவென்று உதிர்ந்தது. நட்டு சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலால் சுற்றி நட்டை எடுத்துவிட்டு, போல்ட்டை உருவினாள்.

மரையில் ஒரு பொட்டுத் துரு இல்லை. பள்ளங்களுக்குள் கெட்டிப்பட்ட கிரீஸ் சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

கட்டை விரலால் தேய்த்தாள். பென்சிலால் எழுதியதைக் கையால் அழித்ததுபோல் ரேகையெல்லாம் கறுப்பானது.

வண்டி பள்ளத்தில் உருண்டும், எட்டு வருடம் வழுக்காமல் நின்றிருக்கிறது.

பின்னால் கிரைண்டர் ஒரு நொடி உறுமி அடங்கியது. அண்ணன் வந்து நின்றிருந்தான். அவள் திரும்பவில்லை. போல்ட்டை உள்ளங்கையில் வைத்து அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

வண்டிக்காரன் குனிந்து பார்த்தான். "அடேங்கப்பா, நேத்து மாட்டினது மாதிரில்ல இருக்கு! வலது பக்கம் யாருண்ணே மாட்டினது?"

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் தரையைப் பார்த்தான். கிரைண்டரை மெதுவாக அங்கேயே இறக்கி வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.