ஊர் ஊராகப் போகிறவர்

தோள்பைகூட இல்லாமல், சட்டைப்பையில் ஒரே ஒரு பென் டிரைவோடு வந்து உட்கார்ந்தார் கனகராஜ். செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே கலைச்செல்வி நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஒரு மாதமாக இதுதான் வழக்கம்.

"ஒரு லேப்டாப் வாங்கிக்கலாம் இல்ல சார்?"

"ஊர் ஊராப் போறவனுக்கு எதுக்கும்மா சுமை? டைப் அடிக்கிறது, மெயில் பாக்குறது எல்லாமே இந்தப் பென் டிரைவுல இருந்தே ஓடுது. உன் சிஸ்டத்துல எதையும் ஏத்த வேணாம். இத எடுத்துட்டா நான் வந்துட்டுப் போன சுவடே இருக்காது."

"இன்னிக்கு எந்த ஊரு?"

"மேல்மலையனூர். பதினொன்னரை பஸ்ஸு."

நேற்று அனந்தபுரம் என்றிருந்தார். பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கலைச்செல்வி தினமும்போலக் குரல் கொடுத்தாள்.

"சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

அவசரமாக எழுந்து போனவர், பென் டிரைவை மறந்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். மேல்மலையனூர் பஸ்ஸில் அவர் இல்லை. தேடிக்கொண்டு போனபோது, பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

கதவு திறந்ததும், உள்ளே மேசைமேல் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று தெரிந்தது.

"இன்னா சார், வூட்டுலயே சிஸ்டம் இருக்குது?"

கனகராஜ் தலை குனிந்தார்.

"இருக்குதும்மா. ஆனா இங்க நாள் முழுக்க உக்காந்தாலும், நேரமாச்சுன்னு சொல்ல ஆள் இல்லியே."

கலைச்செல்வி பென் டிரைவை அவர் கையில் வைத்தாள்.

"நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு சார்?"